பன்னிரண்டாவது குறை

பட்டதாரியின் மனைவி இறந்த மறுநாள் தொடங்கி, மூன்று மைல் சுற்று வட்டாரத்தில் இருந்த எந்த முடிச்சும் மாலை நாலு மணி பத்து நிமிடத்தைத் தாண்டி நிற்கவில்லை. முதல் வாரம் இதை யாரும் வெளியே சொல்லவில்லை. ஆளாளுக்குத் தன் கைதான் தளர்ந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டார்கள். பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகள் ஷூ லேஸை மிதித்து விழுந்தார்கள். ஒழுங்காகக் கட்டத் தெரியவில்லையா என்று அடி வாங்கினார்கள். வாளிகள் கயிற்றை மேலே விட்டுவிட்டுக் கிணற்றுக்குள் போயின. துணி காயப்போட்ட கொடிகள் ஒரே நேரத்தில் தரையில் விழுந்தன. தபால்காரர் தெருவில் கடிதங்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். இரண்டாவது வாரம் வங்கி மேலாளரின் சட்டைப் பித்தான்கள், ஒரு வாடிக்கையாளரோடு பேசிக்கொண்டிருந்தபோதே, மேலிருந்து கீழாக ஒவ்வொன்றாக உதிர்ந்தன. வாடிக்கையாளருடையவையும் உதிர்ந்தன. அதன் பிறகுதான் ஆட்கள் ஒருவரையொருவர் விசாரித்துக்கொண்டார்கள்.

பழகிக்கொள்ள ஒரு மாதம் ஆயிற்று. லேஸ் வைத்த ஷூக்களைக் கடைக்காரர் திருப்பி அனுப்பினார். மாடுகளுக்குக் கயிறு போய்ச் சங்கிலி வந்தது. தையல்காரர் பித்தானை விட்டுவிட்டு ஜிப்புக்கு மாறினார். சரக்கு லாரிகள்தான் கஷ்டப்பட்டன. கயிறு போட்டு இறுக்கிய லோடு நாலு பத்துக்குப் பிரிந்துவிடும் என்பதால், ஓட்டுநர்கள் எல்லைக்கு வெளியே வண்டியை ஓரங்கட்டி, நாலே கால் ஆனதும் உள்ளே வந்தார்கள். அந்த இடத்தில் ஒருவர் டீக்கடை போட்டார்; வியாபாரம் நன்றாக நடந்தது. நில அளவையாளர் ஒருவர் ஓய்வு நாளில் முடிச்சு அவிழும் இடங்களையும் அவிழாத இடங்களையும் வரைபடத்தில் குறித்து வட்டம் போட்டுப் பார்த்தார். வட்டத்தின் மையம் பட்டதாரியின் மாட்டுக் கொட்டகையில் விழுந்தது. துக்க வீட்டில் போய் இதை எப்படிச் சொல்வது என்று அவர் வரைபடத்தை மடித்து வைத்துவிட்டார். விஷயம் தெரிந்த மற்றவர்களும் அப்படியே இருந்துவிட்டார்கள்.

பட்டதாரி என்பது அவனுடைய பட்டப்பெயர். அந்தச் சாலையில் கல்லூரிக்குப் போய்விட்டு மாடு வளர்க்கத் திரும்பி வந்த ஒரே ஆள் அவன்தான் என்பதால், முதலில் கேலியாக வந்து பிறகு ஒட்டிக்கொண்டது. முப்பத்தி நாலு வயது. பதினாலு பசுக்கள், புல் வளர்க்கும் மூன்று வயல்கள், ஒரு டிராக்டர், டிராக்டருக்குப் பின்னால் இழுபடும் ஒரு பழைய கட்டு இயந்திரம். வெட்டிக் காயவைத்த புல்லை வாரி, அழுத்தி, சதுரக் கட்டுகளாகக் கட்டிப் போடும் இயந்திரம் அது. அவனைவிட ஒன்பது வயது மூத்தது. கட்டின் நீளம் நிறைந்ததும் அடியிலிருந்து இரண்டு வளைந்த ஊசிகள் கயிற்றைத் தூக்கிக்கொண்டு மேலே வரும். மேலே இரண்டு முடிச்சுத் தலைகள், கட்டுக்கு இரண்டு கயிறு என்பதால். ஒவ்வொரு தலையிலும் கட்டைவிரல் பருமனுக்கு இரும்பு அலகு ஒன்று. கயிற்றின் இரண்டு முனைகளையும் ஒரு தட்டு பிடித்துக்கொள்ள, அலகு ஒரு சுற்று சுற்றும், வாயைத் திறக்கும், கவ்வும். கத்தி அறுக்கும். பக்கத்திலிருந்து ஓர் இரும்புக் கை வந்து சுருக்கை அலகின் மேலிருந்து வழித்துத் தள்ளும். முடிச்சு விழுந்துவிடும். இதற்கெல்லாம் சேர்த்து ஒரு விநாடிதான். அப்படி விழும் முடிச்சு, இழுக்க இழுக்க இறுகும் ஜாதி. அதை யாரும் அவிழ்ப்பதில்லை. கத்தியால் அறுத்துவிட்டு மாட்டுக்குப் புல் போடுவார்கள்.

அவன் மனைவி அவிழ்த்தாள். கல்யாணமான முதல் வருடம், அறுத்துப் போட்ட கயிற்றுத் துண்டு ஒன்றைத் தீனியோடு தின்று ஒரு பசு வயிறு அடைத்துச் செத்தது. அன்றைக்குக் கத்தியைக் கொட்டகையிலிருந்து எடுத்துப் போனவள்தான். தினமும் நாலு மணிக்கு மாலைத் தீனி. கட்டின் மேல் உட்கார்ந்து, முடிச்சைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து உருட்டுவாள். முனையைப் பிடித்து இழுக்க மாட்டாள். "மூச்சு விடற வரைக்கும் உருட்டணும். அப்புறம் அதுவே வழி சொல்லும்" என்பாள். பல்லை வைக்கலாமே என்று அவன் ஒருமுறை கேட்டதற்கு, "பல்லைக் காட்டினா நீங்க பயப்படுவீங்க இல்ல? முடிச்சும் அப்படித்தான்" என்றாள். முழுசாகக் கழன்ற கயிற்றை ஆணியில் மாட்டுவாள். பத்து வருடத்தில் அந்த ஆணியின் கீழே கயிறுகள் ஒரு குதிரையின் வால் போலத் தடித்துத் தொங்கின.

அவள் இறந்த பின் வந்த முதல் அறுவடையில் பட்டதாரி முதல் நாள் மாலை ஐந்து மணியிலிருந்து இரவு வரை நானூறு கட்டுகள் போட்டான். பக்கத்து வயல்காரர்கள் அந்த வருடம் முடிச்சுப் போடும் இயந்திரத்தையே வெளியே எடுக்காமல், ஆள் வைத்துப் புல்லை உதிரியாக அள்ளினார்கள். அவனுடைய ஷூ லேஸும் தினமும் அவிழ்ந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் அவன் படித்தவன். லேஸ் அவிழ்வதற்குக் காரணம் தேவையில்லை, இயந்திரம் பழுதானால் அதற்குக் காரணம் உண்டு என்று பிரித்து வைத்திருந்தான். மறுநாள் நாலு பத்துக்கு வயல் முழுக்க எண்ணூறு முடிச்சுகளும் அவிழ்ந்தன. அழுத்தி வைத்த புல் கட்டுக்குக் கட்டு விரிந்து எழுந்தபோது, ஒரு கூட்டம் சேர்ந்து பெருமூச்சு விட்டது போல இருந்தது. அவன் டிராக்டர் இருக்கையிலேயே உட்கார்ந்திருந்தான். பிறகு இறங்கிப்போய் முடிச்சுத் தலையில் கிரீஸ் இருக்கிறதா என்று பார்த்தான்.

இயந்திரத்தோடு வந்த கையேட்டில் முடிச்சுத் தலைக்கென்று ஓர் அட்டவணை இருந்தது. குறை, காரணம், தீர்வு என்று மூன்று பத்திகள், பதினோரு வரிசைகள். முடிச்சு ஒரு முனையில் மட்டும் விழுந்தால் தட்டு கயிற்றை நழுவவிடுகிறது. அதன் போல்ட்டை இறுக்கு. முனை நசுங்கியிருந்தால் பிடி அதிகம், தளர்த்து. முடிச்சு அலகிலேயே மாட்டிக்கொண்டால் அலகுக்குள் இருக்கும் நாக்கின் ஸ்பிரிங் அதிகமாக இறுகியிருக்கிறது, அல்லது இரும்புக் கை அலகை உரசாமல் போகிறது. முனை பிசிறாக இருந்தால் கத்தி மழுங்கிவிட்டது. அவன் வரிசையாக எல்லாவற்றையும் செய்தான். கயிற்றை மாற்றினான். கத்தியைத் தீட்டினான். இரும்புக் கையைச் சுத்தியலால் ஒரு நூலிழை வளைத்தான். ஒவ்வொன்றுக்குப் பிறகும் கட்டுகள் போட்டு, மறுநாள் நாலு பத்துக்கு அவை பிரிவதைப் பார்த்தான். புல் வெயிலில் வெளுத்தது, பிறகு மழையில் கறுத்தது. உதிரியாக அள்ளிக் கொட்டகையில் திணித்ததில் பாதி சூடேறிப் புளித்துப்போயிற்று. குளிர்காலம் வருவதற்குள் ஆறு பசுக்களை விற்றான். அவள் கன்றிலிருந்து வளர்த்தவற்றைக் கடைசிக்கு வைத்துக்கொண்டான், எட்டு மிஞ்சின.

அந்தக் குளிர்காலத்தில் இரண்டு முடிச்சுத் தலைகளையும் கழற்றிச் சமையலறை மேசைமேல் பரப்பினான். ஏழு மாதம் அவை அங்கேயே இருந்தன. சாப்பாட்டை நின்றுகொண்டே சாப்பிட்டான். ஞாயிற்றுக்கிழமைகளில் அவளுடைய அண்ணன் வருவான். லாரிக்காரன்; நாலேகால்வரை டீக்கடையில் இருந்துவிட்டு நாலரைக்கு வந்து சேருவான். தங்கை போன அன்று இரண்டு நாள் தூரத்தில் சிமென்ட் ஏற்றிக்கொண்டிருந்தவன். மேசையைப் பார்ப்பான், நாற்காலியைத் துடைத்துவிட்டு உட்காருவான், எப்போதும் ஒரே கேள்வியைக் கேட்பான்.

"கடைசியா ஏதாச்சும் சொன்னாளா மாப்ள?"

"ஒண்ணும் சொல்லல மச்சான்."

"என்னைப் பத்தி?"

"பேச முடியல மச்சான். வாயில குழாய் இருந்துச்சு."

மச்சான் தலையாட்டுவான். பிறகு இருவரும் ஏதாவது ஒரு போல்ட்டை எடுத்துத் துடைத்துக்கொண்டிருப்பார்கள். இப்படி முப்பது ஞாயிற்றுக்கிழமைகள்.

மெக்கானிக் இரண்டாவது அறுவடையின்போது வந்தார். அவரை அழைத்தது முதல் அறுவடைக்கு. அவருக்கு 'அவசரம்' என்று பெயர்; எதற்கும் அவசரப்பட்டதில்லை என்பதால். நாற்பது வயது, நல்ல உடம்பு, வலது கையில் மட்டும் ஒரு தோல் உறை போட்டிருப்பார். அந்த வாரம் முதல் வயல் புல் அறுத்துக் காய்ந்து, வரிசை வரிசையாக வாரிப் போட்டுக் கிடந்தது; முடிச்சுத் தலைகளை அவன் திரும்ப இயந்திரத்தில் மாட்டியிருந்தான். மூன்று நாளில் மழை என்று வானொலியில் சொல்லியிருந்தார்கள். மச்சான் லாரியை முதலாளியிடம் விட்டுவிட்டு நாலு நாள் விடுப்பில் வந்திருந்தான். இந்தப் புல்லும் போனால் எட்டுப் பசுக்களும் போகும் என்பது மூன்று பேருக்கும் தெரியும். 

"கூப்பிட்டு ஒரு வருஷம் ஆச்சு அண்ணே" என்றான் மச்சான்.

"அதான் வந்துட்டேன்ல" என்றார் அவசரம். "குறை அங்கேயேதானே இருக்கு? எங்கயும் ஓடிடலையே?"

அவர் இயந்திரத்தின் பக்கத்தில் ஒரு கவிழ்த்த வாளியைப் போட்டு உட்கார்ந்தார். பெரிய சக்கரத்தைக் கையால் சுற்றச் சொல்லி, ஊசிகள் எழுந்து வருவதையும் அலகு வாய் திறப்பதையும் மூடுவதையும் இருபது முறை பார்த்தார். போல்ட் எதையும் தொடவில்லை. பட்டதாரி கையேட்டை நீட்டினான். அதை வாங்கி ஒரு சக்கரத்துக்கு முட்டுக்கொடுத்துவிட்டு, "புத்தகம் இருக்கட்டும். போன வருஷத்துக் கயிறு இருக்கா?" என்றார். கொட்டகை மூலையிலிருந்து ஒரு சாக்கு நிறையக் கயிறுகள் வந்தன. முனைகளை ஒவ்வொன்றாக உறை போடாத கையால் தடவிப் பார்த்தார். நசுங்கல் இல்லை. பிசிறு இல்லை. இரண்டு முனைகளிலும் நெளி இருந்தது, பின்னலைப் பிரித்த தலைமுடியில் இருக்கிற மாதிரி.

"இது முடிச்சு விழாத கயிறு இல்ல தம்பி. நல்லா விழுந்த முடிச்சு. உன் மெஷின் அருமையா வேலை செய்யுது. யாரோ அவுத்திருக்காங்க."

"யாரு?"

"அதைப் பார்க்கணும்னா நாளைக்கு வரைக்கும் உக்காரணும். எனக்கு ஒண்ணும் அவசரமில்ல."

அன்று மாலை ஆறு கட்டுகள் போட்டார்கள். அவற்றைக் கொட்டகைக்குள் வாசலுக்கு எதிரே அடுக்கினார்கள். மறுநாள் நாலு மணிக்கு மூன்று பேரும் அவற்றின் முன்னால் உட்கார்ந்தார்கள், மச்சான் தரையில், அவசரம் வாளியில், பட்டதாரி மண்வெட்டியின் பிடிமேல் சாய்ந்து நின்றபடி. அதுவரை முடிச்சு அவிழ்வதை யாரும் பக்கத்திலிருந்து பார்த்ததில்லை. அவிழ்ந்த பிறகுதான் பார்த்தார்கள். சுவர்க் கடிகாரம் நாலு பத்தைத் தொட்டதும் பன்னிரண்டு முடிச்சுகளும் அசைந்தன. முனைகள் இழுபடவில்லை. முடிச்சு இருந்த இடத்திலேயே ஒருமுறை நசுங்கியது, இரண்டு பக்கமும் மெல்ல உருண்டது, கொஞ்சம் நின்றது, திரும்ப உருண்டது. பிறகு இறுக்கத்துக்குள் ஓர் இடைவெளி தெரிந்தது. சுருக்கு அந்த இடைவெளி வழியாகப் பின்னால் நடந்து வெளியே வந்தது. கட்டுகள் பிரிந்து புல் அவர்கள் முழங்கால்வரை சரிந்தது. பசுக்கள் ஆவலாகத் திரும்பிப் பார்த்தன.

 மச்சான் தன் மேலிருந்த புல்லைத் தட்டிவிடாமல் உட்கார்ந்திருந்தான்.

"இது மெஷின் வேலை இல்ல" என்றார் அவசரம். "கைவேலை."

"தெரியுதுண்ணே. சின்ன வயசுல என் டவுசர் நாடா சிக்கிக்கிட்டா அவதான் இப்படி உருட்டி உருட்டி எடுப்பா" என்றான் மச்சான். பிறகு கேட்டான்: "இன்னும் என்ன வேணுமாம் அவளுக்கு?"

பட்டதாரி கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். நாலு பன்னிரண்டு.

அவசரம் உறையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். அவருடைய தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு வண்டியில் எல்லா இடத்திலும் எண்ணெய் கசிந்தால் அவர் கசிகிற இடத்தைப் பார்க்க மாட்டார். கசியாத ஒரே இடம் எது என்று தேடுவார். அடைப்பு அங்கேதான் இருக்கும். "மூணு மைலுக்கு எல்லா முடிச்சையும் ஒருத்தங்க தினம் அவுக்கறாங்கன்னா, அவுக்க முடியாத ஒண்ணைத் தேடறாங்கன்னு அர்த்தம்" என்றார். "இந்த வீட்ல அவுழாத முடிச்சு எதுனா இருக்கா பாருங்க."

அவர்கள் தேடினார்கள். சாக்கு வாய்கள், திரைச்சீலை நாடாக்கள், பரணில் இருந்த பழைய மெத்தையின் கட்டு, கொடிக் கயிறு, அவளுடைய உள்பாவாடை நாடாக்கள். எல்லாம் அவிழ்ந்து கிடந்தன. ஒரு வருடமாக அந்த வீட்டில் எதுவும் எதோடும் கட்டப்படாமல் இருந்தது என்பதை மச்சான் அப்போதுதான் கவனித்தான். பட்டதாரி தேடவில்லை. அவர்கள் பரணிலிருந்து இறங்கியபோது அவன் படுக்கையறை அலமாரியின் முன்னால் நின்றிருந்தான். கையில், மருத்துவமனையில் கொடுத்து அனுப்பிய பிளாஸ்டிக் பை. வாங்கி வைத்த நாளிலிருந்து பிரிக்காதது. அதில் அவளுடைய செருப்பு, சீப்பு, கைக்கடிகாரம் இருந்தன. அடியில் ஒரு சாண் நீளத்துக்குக் காயத்துக்குக் கட்டும் வெள்ளைத் துணி, நடுவில் கத்தரிக்கோலால் வெட்டியது. வெட்டின இடம் ஒரு பக்கம், முடிச்சு ஒரு பக்கம். முடிச்சு இறுக்கமாக, முழுசாக இருந்தது.

அவன் கட்டிலில் உட்கார்ந்து சொன்னான். அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. அவளுக்கு இடது கை விழுந்துவிட்டிருந்தது. வலது கையால் குழாயை இரண்டு முறை பிடுங்கிவிட்டாள். நர்ஸ் அந்தக் கையைக் கட்டில் கம்பியோடு கட்டினார். அந்த முடிச்சைக் கட்டியிருந்த கையின் விரல்களாலேயே உருட்டி அவிழ்த்தாள். திரும்பக் கட்டினார், திரும்ப அவிழ்த்தாள். "நான் போட்டா இவங்க அவுத்துடறாங்க சார். நீங்க கொஞ்சம் நல்லா போடுங்க" என்றார் நர்ஸ். அவனுக்கு நன்றாகத் தெரிந்த முடிச்சு ஒன்றுதான். பதினோரு வருடம் அந்த அலகு போடுவதைப் பார்த்திருக்கிறான். அதையே போட்டான். விரல் எட்டாதபடி கம்பிக்கு அடிப்பக்கம் போட்டான். அவள் அவனைப் பார்த்துக்கொண்டு, கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் உருட்டிக் காட்டினாள். நாளைக்கு டாக்டரைக் கேட்டு அவிழ்த்துவிடுகிறேன் என்றான். மறுநாள் மாலை நாலு பத்துக்கு அவள் போய்விட்டாள். அதன் பிறகு அவன் அவிழ்க்கப் பார்த்தபோது முடிச்சு வரவில்லை. நர்ஸ் கத்தரிக்கோல் எடுத்து வந்தார்.

"அவ கடைசியா அதைத்தான் சொன்னா மச்சான். அவுத்து விடுன்னு. நான்தான் ஒண்ணும் சொல்லலன்னு சொன்னேன்."

மச்சான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். "வலிச்சுதா அவளுக்கு?" என்று கேட்டான்.

"தெரியல மச்சான்."

மச்சான் வெளியே போனான். டிராக்டரின் எண்ணெய் அளவுக் குச்சியை உருவிப் பார்ப்பதும், துடைப்பதும், திரும்பச் செருகிப் பார்ப்பதுமாக இருட்டும்வரை அங்கேயே நின்றான். அவசரம் துணியைத் தொடாமல் குனிந்து முடிச்சைப் பார்த்துவிட்டு, "எல்லா முடிச்சையும் அவுக்கற கைக்கு இது மட்டும் எட்டலைன்னா, அந்தக் கை இதுக்குள்ள இருக்கு" என்றார். இன்ன போல்ட் தேய்ந்திருக்கிறது என்று சொல்கிற குரல்தான்.

மறுநாள் காலை ஏழு மணிக்குப் பட்டதாரி சமையலறை மேசையிலிருந்து மிச்சம் மீதி இரும்புகளைத் தள்ளிவிட்டு உட்கார்ந்தான். வானம் மேற்கே சாம்பல் நிறத்தில் இருந்தது. மச்சான் உள்ளே வந்து கை நீட்டினான்.

"குடு, நான் பாக்கறேன். உன் விரல் தடி விரலு."

"இல்ல மச்சான். நான் போட்டது."

"சாயங்காலத்துக்குள்ள முடிப்பியா?"

"தெரியல."

மச்சான் வாசலில் நின்று யோசித்தான். பிறகு, "நாங்க கட்டிக்கிட்டே இருக்கோம். பிரிஞ்சா பிரியட்டும்" என்று சொல்லிவிட்டு டிராக்டரை எடுத்தான். அவசரம் பின்னால் நடந்து முடிச்சுகளைக் கவனித்துக்கொண்டார். நடக்கும் வேகத்தைப் பார்த்து மச்சான் இரண்டு முறை வண்டியை நிறுத்திக் காத்திருக்க வேண்டியிருந்தது.

துணி மருந்தில் நனைந்து காய்ந்ததால் விறைத்திருந்தது. பட்டதாரி முனைகளை இழுக்கவில்லை. பல்லை வைக்கவில்லை. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து உருட்டினான். பத்து மணிக்கு விரல் நுனி மரத்துப்போயிற்று, கை மாற்றினான். பகலில் ஒருமுறை எழுந்து பசுக்களுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வந்தான். ஜன்னல் வழியாக இயந்திரத்தின் சத்தம் வந்துகொண்டிருந்தது, தட்டும் சத்தம், தட்டும் சத்தம், பிறகு ஊசி ஏறும் சத்தம். ஒவ்வொரு ஊசிக்கும் ஒரு கட்டு. எண்ணவில்லை. அழவில்லை. இறந்த நாளிலிருந்து அவனுக்கு அது வரவில்லை, இப்போதும் வரவில்லை. மூன்று மணிக்கு முடிச்சு அவன் விரல்களுக்கு நடுவில் கொஞ்சம் இளகியது. அவன் நிறுத்தினான். திரும்ப உருட்டினான். ஓர் இழை இன்னோர் இழையிலிருந்து நகர்ந்து, ஊசிமுனை நுழையும் அளவுக்கு வெளிச்சம் தெரிந்தது. சுருக்கைப் பின்னால் தள்ளினான். அது நடந்து வெளியே வந்தது. நாலு மணிக்கு ஐந்து நிமிடம் இருந்தது.

அவன் துணியை மேசைமேல் நீளமாக விரித்து, கையால் நீவிவிட்டு, வயலுக்கு நடந்தான். இயந்திரம் நின்றிருந்தது. ஐந்நூற்றுச் சொச்சம் கட்டுகள் வரிசையாகக் கிடந்தன. மூன்று பேரும் ஓரத்தில் நின்றார்கள். மச்சான் அவன் முகத்தைப் பார்த்தான். மேகம் தலைக்கு மேல் வந்திருந்தது. நாலு பத்து ஆயிற்று. நாலு பதினொன்று ஆயிற்று. பட்டதாரி குனிந்து தன் ஷூவைப் பார்த்தான். காலையில் கட்டிய லேஸ் கட்டியபடி இருந்தது.  மச்சான் கையுறை மாட்டிக்கொண்டு முதல் கட்டைத் தூக்கி டிரெய்லரில் எறிந்தான். "நிக்காதீங்க, மழை வருது" என்றார் அவசரம். அவர் அவசரப்பட்டதாக அந்த வட்டாரத்தில் பதிவான ஒரே சந்தர்ப்பம் அது. கடைசி டிரெய்லர் கொட்டகைக்குள் நுழைந்தபோது முதல் துளி விழுந்தது.

ஊர் திரும்பப் பழகிக்கொள்ள இன்னொரு மாதம் எடுத்தது. கொஞ்ச காலத்துக்கு லாரிகள் சும்மாவே எல்லையில் நின்று டீ குடித்துவிட்டு வந்தன. தையல்காரர் ஜிப் லாபமாக இருந்ததால் அதையே வைத்துக்கொண்டார். அவசரம் போகும்போது, சக்கரத்துக்கு முட்டுக்கொடுத்த கையேட்டை எடுத்துத் துடைத்து, அட்டவணையின் பதினோராவது வரிசைக்குக் கீழே பென்சிலால் ஒரு கோடு போட்டுப் பன்னிரண்டாவதை எழுதினார். குறை: முடிச்சு சரியாக விழுந்து மறுநாள் அவிழ்கிறது. காரணம் என்ற இடத்தை விட்டுவிட்டார். தீர்வு: வீட்டில் தேடு. எழுத்துப் பிழை எதுவும் இல்லை என்று பட்டதாரி பார்த்துக்கொண்டான்.

ஆறு வருடங்களில் எட்டுப் பசுக்கள் பதினைந்தாயின. முடிச்சுத் தலைகளில் ஒன்று தேய்ந்து, பழைய இரும்புக் கடையிலிருந்து வேறொன்று வந்தது. மேசை காலியானது, அவன் உட்கார்ந்து சாப்பிட்டான். மச்சான் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்தான், அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை, வேறு கேள்விகள் கேட்டான். பட்டதாரி கொட்டகையில் கத்தி வைத்துக்கொள்ளவில்லை, தேவைப்படவும் இல்லை. நாலு மணிக்குப் புல் அள்ளும் கவைக்கோலை எடுத்துக்கொண்டு அவன் உள்ளே போவான். பத்து நிமிடம் பசுக்களின் தண்ணீர்த் தொட்டியைக் கழுவுவான். திரும்பிப் பார்க்கும்போது அன்றைய மாலைத் தீனிக்கு வேண்டிய கட்டுகள் மட்டும், நாலோ ஐந்தோ, பிரிந்து கிடக்கும். கயிறுகள் முழுசாக ஆணியில் தொங்கும். அவன் புல்லை அள்ளிப் போடுவான்.